தராசு அறைச் சாவி

எங்கள் கல்லூரி வேதியியல் துறை சென்ற மாதம் கூடி, தராசு அறைச் சாவியை இனித் துறைத் தலைவர் அறையிலுள்ள ஆணியில் மாட்டுவதென்று ஏகமனதாகத் தீர்மானித்தது. எல்லாத் துறைகளுக்கும் போன சுற்றறிக்கை, விடுப்பில் இருந்த எனக்குத் தபாலில் வந்தது. அந்தச் சாவி, அங்கே பாடம் நடத்தும் ஜமீலா மேடத்தின் கைப்பையில் அல்லவா இருக்கும் என்று யோசித்தபடி இரண்டாம் பத்தியைப் படித்தேன். மேடம் மாரடைப்பில் காலமானார் என்று போட்டிருந்தது.

அவருடைய உப்புக் கரைசல் விஷயம் கல்லூரியில் எல்லோருக்கும் நினைவிருக்கும். சோதனைக்கு முன்பே சீனியர்களின் ரெக்கார்டு நோட்டிலிருந்து விடையை எழுதிவிடுவது பி.எஸ்சி. மாணவர்களின் வழக்கம். ஒருநாள் மேடம் கரைசலுக்குப் பதில் வெறும் தண்ணீரை வைத்தார். வகுப்பு முழுவதும் போன ஆண்டின் விடையையே கண்டுபிடித்தது.

"கரெக்டா வந்திருக்கு. நான்தான் உப்பு போடல" என்றார்.

மறுநாள் முதல் அவரவர் ஊர்க் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவரச் சொன்னார். கல்லாவி ஊர்த் தண்ணீரில் என்ன இருக்கிறதென்று எந்த ரெக்கார்டிலும் இல்லை. வகுப்பு முடிந்தபின் தராசு அறையை மாணவர்களுக்குத் திறந்துவிட்டு, அவர்கள் முடிக்கும்வரை இருந்து, ராயக்கோட்டை வீட்டுக்குக் கடைசி பஸ்ஸில் போவார்.

முதல்வருக்கு இது பிடிக்கவில்லை. "பி.எஸ்சி. புள்ளைங்களுக்கு எதுக்கும்மா ஆராய்ச்சி?"

"அதுக்கு மேல எத்தன பேர் படிப்பாங்க சார்? பாதிப் பேர் நேரா ஃபேக்டரிக்குத்தான் போவாங்க. அதுக்குள்ள ஒரு தடவ செஞ்சு பாக்கட்டுமே."

கோடை விடுமுறையில் ஒரு மாணவருக்கு ஆய்வகத்தில் இடம் கேட்டு வெளியூர்க் கல்லூரிகளுக்கு எழுதினார். ஆங்கில ஆசிரியன் என்பதால் கடிதங்களை நான் திருத்தினேன். பணிவைக் கூட்டினேன், அவர் அடித்துவிட்டார். பல ஆண்டுகளுக்குப் பிறகு பெங்களூர்க் கல்லூரி ஒன்று மட்டும், ஆண்டுக்கு ஒருவர் வரலாம் என்று பதில் போட்டது.

முதலில் போனவள் கல்லாவி மல்லிகா. அவள் அப்பா தனியாக அனுப்ப மறுத்ததால், அந்த மே மாதம் முழுவதும் மேடமும் ஓசூரில் அவளோடு தங்கி, அங்கிருந்து தினமும் பஸ்ஸில் போய்வந்தார். கடைசி வாரம்வரை அவளுக்கு ஒரே அளவு இருமுறை வரவில்லை. அழுதாளாம்.

"வரலன்னா வரலன்னு எழுது கண்ணு. இதுவரைக்கும் யாரும் அப்படி எழுதல" என்றாராம் மேடம்.

அந்த வரியோடுதான் அவள் அறிக்கை அங்கே ஏற்கப்பட்டது. செய்தியை மேடம் என்னிடம்தான் முதலில் வந்து சொன்னார். அன்று நான் ஏதோ கேலி பேசினேன். அதைத் திரும்பப் பெற இனி வழியில்லை.

என் வீட்டுக் கிணற்று நீரையும் ஒருமுறை வாங்கிப்போனார். அவர் கையெழுத்தில் என் பெயர் ஒட்டிய அந்தப் பாட்டில் என்னிடம் இருக்கிறது. தண்ணீரைக் கொட்டவில்லை.

இந்த ஆண்டு யாரை அனுப்புகிறீர்கள் என்று கேட்டுப் பெங்களூரிலிருந்து கடிதம் வந்தது. ஜமீலா மேடத்தின் பெயருக்கு வந்திருந்ததால், அப்படி யாரும் இங்கே இல்லை என்று எழுதி அலுவலகம் திருப்பி அனுப்பிவிட்டது.