சட்டசபைக்குப் போன மைக்கறைகள்

எம்.எல்.ஏ. அம்மாவை நினைத்தால் அவருடைய மேசையில் கிடந்த ஸ்டாம்ப் பேடுதான் முதலில் கண்ணில் வருகிறது. மூடி எப்போதோ தொலைந்துவிட்டது. மை காயாமலிருக்க அதன் மேல் ஒரு ஸ்டீல் தட்டைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். சிவாஜிநகரில் கறிக்கடைகளுக்குப் பின்னால் இருந்த அந்த அலுவலகத்துக்கு நான் போனது என் அக்கா திட்டி அனுப்பியதால்.

நான் ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எந்த வேலையிலும் சேர்ந்தாற்போல் ஒரு வருஷம் இருந்ததில்லை. லாரி கிளீனர், கல்யாணச் சமையல், பெயின்ட் என்று சுற்றிவிட்டு, சந்தாபுரா பக்கம் கிரானைட்டுக்குப் பாலிஷ் போடும் வேலைக்குப் போனேன். தண்ணீரும் கல்தூளும் விரல் நுனியை வழவழப்பாக்கிவிடும். வலி இருக்காது, அதனால் நான் கவனிக்கவும் இல்லை. எங்கள் ரேஷன் அட்டையில் இரண்டே பெயர்கள், அக்காவும் நானும். சர்க்கரை நோயில் அக்காவின் ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. மாதம் ஒருமுறை நான் வந்து ரேஷன் கடை மெஷினில் விரல் வைத்து அரிசி வாங்கி, மாடியேற்றி வைத்துவிட்டுப் போவேன். அந்த அரிசிதான் அவளுடைய மாதம். அந்த வருஷம், விரல் பதிவைப் புதுப்பிக்காதவர்களின் பெயர்களை நீக்கச் சொல்லி மத்திய அரசிடமிருந்து உத்தரவு வந்தது. நீக்கப்பட்ட பெயர்களுக்கான அரிசியை மத்திய அரசு மாநிலத்துக்கு அனுப்புவதும் நின்றுபோனது. கடையிலிருந்த மெஷின் என் பத்து விரல்களையும் ஏற்கவில்லை. அக்காவைத் தூக்கிக்கொண்டு போய் வைத்துப் பார்த்தேன். முப்பது வருஷம் வீடுவீடாகப் பாத்திரம் தேய்த்த கை அது. அதையும் ஏற்கவில்லை. அட்டையிலிருந்த இரண்டு பெயரும் போயின.

“ஊர் சுத்துன காலு தேயல, விரலு மட்டும் எப்பட்றா தேஞ்சுது? போய் அந்த எம்.எல்.ஏ. அம்மாவப் பாரு, போ” என்றாள் அக்கா.

அங்கே போனால் நீளமான வரிசை. ஒவ்வொருவரையும் வெள்ளைத்தாளில் கட்டைவிரலைப் பதிக்கச் சொல்லி, கீழே எம்.எல்.ஏ. அம்மாவே பெயர் எழுதிக்கொண்டிருந்தார். என் முறை வந்தபோது எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நான் படித்த ஆறு வருஷத்தில் மிச்சமிருந்தது கையெழுத்து ஒன்றுதான்.

“எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் மேடம்.”

“தெரியட்டும்பா, சந்தோஷம். விரல வை.”

“கைநாட்டு வெக்கிற ஆளு இல்ல மேடம் நானு.”

கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். “டெல்லிக்காரன் உன் கையெழுத்தயா கேட்டான்? விரலத்தான கேக்கறான். அத அப்படியே கொண்டுபோய்க் காட்டுவோம். ஸ்வல்ப சீக்கிரம்பா, பின்னால பாரு எத்தன பேரு.”

வைத்தேன். நீலமாக ஒரு திட்டு விழுந்தது. அதில் ஒரு கோடு கூட இல்லை. மேசையிலிருந்த மற்றத் தாள்களைப் பார்த்தேன். கொத்தனார், சலவைக்காரர், தோல் கிடங்கில் வேலை செய்த பாய், எல்லாருடையதும் அதே திட்டு. அப்போதுதான் அவர் என்ன செய்கிறார் என்று புரிந்தது.

அவரிடம் குறையே இல்லையென்று சொல்ல மாட்டேன். யாரையும் முழுதாகப் பேச விடமாட்டார். பெயர்கள் அவருக்கு நினைவில் நிற்காது. வேலையை வைத்துத்தான் கூப்பிடுவார். நான் “கல்லு”. ஆனால் மாதத்தின் முதல் நாள் ரேஷன் கடை வரிசையில் ஒரு ஆளாக வந்து நிற்பார். யாராவது இடம் விட்டால் கோபம் வரும். நின்று பார்த்ததை மட்டும்தான் சபையில் பேசுவார்.

அந்தத் தாள்களோடு அவர் சட்டசபைக்குப் போன நாளில் எங்களில் நான்கு பேருக்குப் பார்வையாளர் மாடத்துக்குப் பாஸ் வாங்கித் தந்தார். நிறுத்திய அரிசியை மத்திய அரசு திரும்பத் தர வேண்டும் என்ற தீர்மானத்தின் மேல் பேச்சு. அவர் தாள்களைத் தூக்கிக் காட்டினார். எதிர் வரிசையிலிருந்த, மத்தியில் ஆளும் கட்சியின் உறுப்பினர் ஒருவர் ஒரு தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, இது விரலா, இல்லை மையைக் கொட்டி வைத்திருக்கிறீர்களா என்று கன்னடத்தில் கேட்டுச் சிரித்தார். சபையும் சிரித்தது. இவர் சிரிக்கவில்லை. “நிம்ம மெஷினூ இதன்னே ஹேளுத்தே” என்றார். உங்கள் மெஷினும் இதையேதான் சொல்கிறது. சிரிப்பு நின்றது. அந்த உறுப்பினர் விடவில்லை. இந்த ஆட்கள் நிஜமாகவே இருக்கிறார்களா என்று கேட்டார். எனக்கு என்ன தோன்றியதோ, எழுந்து நின்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டிவிட்டேன். காவலர்கள் என்னை இழுத்துக்கொண்டு போய் வெளியே விட்டார்கள். தீர்மானம் நிறைவேறியபோது நான் ரோட்டோரம் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் வெளியே வந்தவர் முதலில் என்னைத்தான் பிடித்தார். “கல்லு, உனக்கு அறிவிருக்கா? இனிமே எனக்கு ஒரு பாஸ் குடுப்பாங்களா?” பிறகு எல்லாரிடமும் சொன்னார்: “தீர்மானம் நிறைவேறிடுச்சு. ஆனா தீர்மானத்த உலையில போட முடியாது. யாரும் பட்டாசு கிட்டாசு வெடிக்காதீங்க.”

அவர் சொன்னபடியே ஆயிற்று. டெல்லியிலிருந்து பதில் வரவில்லை. அக்கா ஒரு வேளைச் சாப்பாட்டைக் குறைத்தாள். நான் பாலிஷ் வேலையை விட்டுவிட்டு மார்க்கெட்டில் மூட்டை தூக்கினேன். எம்.எல்.ஏ. அம்மா தன் கட்சி மந்திரியின் வீட்டு வாசலிலேயே போய் உட்கார்ந்தார். தீர்மானம் போட்டவர்கள் அரிசியும் போடட்டும் என்பது அவருடைய வாதம். மழைக்காலம் முடிவதற்குள், நீக்கிய பெயர்களுக்கு மாநிலமே அரிசி தர ஒத்துக்கொண்டது. மெஷின் இல்லை, நோட்டில் எழுதிக் கொடுத்தார்கள். நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்தது. அக்காவுக்கு இனி என் விரல் தேவையில்லை என்று தெரிந்ததும், மறுநாளே நான் பஸ் ஏறிவிட்டேன்.

அடுத்த தேர்தலின்போது நான் ஹொன்னாவர் பக்கம் இருந்தேன். ஓட்டுப் போட வரவில்லை. அவர் கொஞ்ச ஓட்டில் தோற்றுப்போனார். அக்கா போனில் கேட்டாள்: “என் ஒத்தக் காலு ஆட்டோ ஏறிப் போச்சுடா. உன் ரெண்டு காலு எங்க போச்சு?”

இந்த வருஷம் ஊருக்கு வந்துவிட்டு, திரும்பப் பஸ் பிடிக்கப் போகும் வழியில் அவரை ரேஷன் கடை வாசலில் பார்த்தேன். இப்போது பதவி இல்லை, அலுவலகமும் இல்லை. கையில் ஒரு பட்டியல் மட்டும் இருந்தது. மறைத்துப் பேச எனக்கு வராது.

“மேடம், அன்னிக்கு நான் ஓட்டுப் போடல. ஊர்ல இல்ல.”

“தெரியும். உங்க அக்கா மூணு தடவ போன் பண்ணிச் சொல்லியாச்சு” என்று பட்டியலை என்னிடம் நீட்டினார். “எட்டு வீட்டுக்கு இன்னும் அரிசி வரல. எல்லாம் மாடி வீடு. எனக்கு முட்டி வலி. நீ ஏறிக் கேட்டுட்டு வா.”

ஏறினேன். எட்டாவது வீட்டுக் கதவைத் தட்டியபோது, நான் போயிருக்க வேண்டிய பஸ் ஓசூர் ரோட்டைத் தாண்டியிருக்கும்.