முதல் பத்து கேன் தண்ணீர் ஏலம்

குடிதண்ணீர் மிஷினைத் திறந்துவைக்க ஆள் வருவார், மாலை வரும், போட்டோகிராபர் வருவார். அதற்கப்புறம் அதை ஓட்ட யாராவது வந்தாக வேண்டுமே, அந்த யாராவதுதான் நான். பொதுச்சொத்து ஒன்றின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அலைந்தவர்கள் உங்களில் இருந்தால் என் அவஸ்தை புரியும். மற்றவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

வேலை கிடைத்த விதம்

பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். எனக்குத் தெரிந்த ஒரே தொழில் அடுத்தவர் குரலில் பேசுவது. ஒரு காலையில் கோயில் மைக்கைப் பிடித்து, எங்கள் குப்பத்துத் தலைவர் கோவிந்தன் மாமா குரலில், "ஊர் ஜனங்களுக்கு அறிவிப்பு. இன்னிக்கு ஆம்பளைங்க யாரும் ஏரிக்குப் போவக் கூடாது. ஊட்ல குந்தி பொண்டாட்டிக்கு மீன் ஆஞ்சி குடுக்கணும்" என்றேன். மாமாவே அரிவாள்மனையை எடுத்துப் போட்டு இரண்டு மடவை மீனை ஆய்ந்த பிறகுதான், இதை நான் எப்போது சொன்னேன் என்று யோசித்தாராம்.

அதுவரை தண்ணீர் மிஷினைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர் துறைமுகப் பக்கம் வேலைக்குப் போயிருந்த நேரம். தண்டனையாக அந்தச் சாவி என்னிடம் வந்தது. அம்மாவுக்கு மட்டும் சந்தோஷம். மிஷின் வருவதற்கு முன் நல்ல தண்ணீருக்குத் திருப்பாலைவனம் பக்கம் போய், ஷேர் ஆட்டோவில் நாலு குடத்தோடு திரும்புவாள். ஒருமுறை ஆட்டோ கவிழ்ந்து, வலது கை இன்றைக்கும் தோளுக்கு மேல் எழும்பாது. "மிஷினை நல்லா பாத்துக்கோடி" என்றாள். மாமா சொன்னது வேறு: "அதுங்கூட எவ்ளோ வேணா பேசு. அது ஒண்ணுதான் இந்த ஊர்ல உன் மேல புகார் குடுக்காது."

மோட்டார் குரல்

எங்கள் மிஷினைவிட அதன் கல்வெட்டு பெரியது. அதில் பதினோரு பேர் பெயர் இருக்கிறது. பில்டர் மாற்றுகிறவர் பெயர் மட்டும் இல்லை.

மிஷினைத் தானமாகக் கொடுத்தவர்கள் ஒருநாள் பார்வையிட வந்தார்கள். அவர்கள் கார் நிற்கவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. மாமா என்னைப் பார்த்தார். நான் டேங்குக்குப் பின்னால் போய் உட்கார்ந்து மோட்டார் மாதிரி உறும ஆரம்பித்தேன். "ங்ங்ஙொய்ய்ய்..." நடுவில் அது இருமுவதையும் விடவில்லை. முந்தின நாள் தண்ணீர் டேங்கில் இருந்ததால் குழாயைத் திறந்ததும் கொட்டியது. வந்த சார் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு நோட்டில் எழுதினார். உப்பை வடிகட்டும் உருளை இருக்கிறதே, மெம்பரேன், அதில் புதிதாக ஒன்று காரின் டிக்கியிலேயே இருந்தது என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும். கிளம்பும்போது அவர் மாமாவிடம் சொன்னார்: "சத்தம் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி. மத்தபடி நல்லா ஓடுது, மெம்பரேனை வேற ஊருக்குக் குடுத்துடறோம்."

பூட்டுப் போட்ட அறை

அதே வாரம் கழிப்பறைக் கணக்கெடுக்க ஒரு அதிகாரி வந்தார். வீடு காட்டும் வேலையும் மிஷின்காரிக்குத்தான். சேகர் அண்ணன் வீட்டுக் கழிப்பறையைத் திறந்தால் உள்ளே கூரை வரைக்கும் வலை. மேலே போட் இன்ஜின், மூக்கை நீட்டிக்கொண்டு. அதிகாரி மூக்கால் பேசுகிறவர். இன்றைக்கும் அந்தக் குரல் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. "இதெ யூஸ் பண்றீங்களா, இல்லியா?"

"டெய்லி யூஸ் பண்றோம் சார். இந்தத் தெருவுல பூட்டு இருக்கற ரூம் இது ஒண்ணுதான்" என்றார் சேகர் அண்ணன்.

குழி நிறைந்தால் லாரி கூப்பிட்டு எடுக்க வேண்டியதுதானே என்றார் அதிகாரி. பொன்னேரியிலிருந்து வந்த லாரி மணலில் புதைந்து, அதை இழுக்க இருபது பேர் போன கதையை நான் சொன்னேன். சேகர் அண்ணன் குழி மூடியைத் தட்டிக் காட்டினார். "நெறையறதுக்கு இன்னா சார் கீது, தோண்டின அன்னிக்கே ஏரித்தண்ணி வந்து ரொப்பிடுச்சி. ரெண்டு இறால் குஞ்சு வுட்டுப் பாக்கலாம்னு கீறேன்."

நசீர் பாய் தீர்ப்பு

பத்து நாளில் தண்ணீர் லேசாகக் கரிக்க ஆரம்பித்தது. பழவேற்காடு பஜாரில் மோட்டார் ரிப்பேர் பார்க்கும் நசீர் பாயைக் கூப்பிட்டோம். ஒரு சொட்டு நாக்கில் வைத்துவிட்டு வானத்தைப் பார்த்தார். "மெம்பரேன் காலி. ஒரு மாசத்துல மாத்தலேன்னா மோட்டாரும் காலி, அப்பறம் பூட்டிட வேண்டியதுதான்" என்றார். மாற்றினால் எத்தனை நாள் வரும் என்று கேட்டார் மாமா. ரெண்டு வருஷம், அப்புறம் மறுபடி மாற்றணும் என்றதும் மாமா முகம் செத்துவிட்டது.

"மறுபடியுமா?"

"ஏன் தலைவரே, வலை கிழிஞ்சா தெனம் குந்தி பொத்தறீங்க. இன்ஜினுக்கு சீசனுக்கு சீசன் செலவு பண்றீங்க. இதுக்கு மட்டும் இன்னா பேஜார்?"

மாமா கோபமே படவில்லை. "வலை என்னுது பாய். மிஷினு ஊருது."

மிஷினுக்கும் பாடு

வீட்டுக்கு ஐம்பது ரூபாய் கேட்டுத் தெருத்தெருவாகப் போனேன். நாகம்மா சித்தி பர்ஸைக் காணவில்லை என்றாள், பர்ஸைக் கையில் வைத்துக்கொண்டே. வீட்டுக்கு வந்தால் அம்மா பழைய பிளாஸ்டிக் குடங்களைப் பரணிலிருந்து இறக்கி இடது கையால் தேய்த்துக்கொண்டிருந்தாள். டேங்குக்குப் பின்னால் உறுமியது யார் என்று அவளிடம் நான் சொல்லவில்லை.

ஊர்க்கூட்டம் போட்டார்கள். எங்கள் ஏரியில் மீன்பிடிக்க முறை உண்டு, பாடு என்போம். சீட்டுக் குலுக்கி, இன்றைக்கு உன் பாடு என்று வந்தால் அந்த இடமும் அங்கே கிடைக்கிற மீனும் அன்றைக்கு உன்னுடையது. ஊருக்குத் தெரிந்த ஒரே நிர்வாகம் அதுதான் என்பதால் மிஷினுக்கும் சீட்டுக் குலுக்கினார்கள். முதல் பாடு மாமாவுக்கே விழுந்தது. காலையில் குளித்துவிட்டு வந்து, போட்டுக்குச் செய்கிற மாதிரி மிஷினுக்கு மஞ்சள் பூசி, தேங்காய் உடைத்து, பல் தேய்க்கும் பிரஷ்ஷால் பில்டரைத் தேய்தேய் என்று தேய்த்தார். ஊருது என்றவர், ஒருநாள் தன்னுது ஆனதும் மிஷினைத் தொட என்னையே விடவில்லை.

பிறகு கரையில் மீன் ஏலம் விடும் மல்லிகா அக்காவை வரச்சொன்னார். கேன் பத்து ரூபாய் என்று போர்டு இருக்கிறதே மாமா என்றேன். முதல் பத்து கேன் ஏலம், மிச்சம் பத்து ரூபாய் என்றார். அதே குழாய், அதே தண்ணீர், பத்து நிமிஷம் முன்னால் கிடைக்கும், அவ்வளவுதான். யார் கேட்பார்கள் இதை? நாகம்மா சித்தியின் நாத்தனார் இருபது என்றாள். காணாமல் போன பர்ஸ் உடனே கிடைத்தது. சித்தி முப்பது என்றாள். பத்து ரூபாய்க்கு மேலே போனதெல்லாம் மெம்பரேனுக்கு என்று முடிவானது. தோற்ற நாத்தனார் வரிசையில் நின்றபடி சொன்னாள்: "ரேட்டு போட்டு வித்தா அது தண்ணி. ஏலத்துல எடுத்தா அது மருவாதி."

நைனா குரல்

இரண்டாவது வாரம் போட்டி சோர்ந்தது. இருபதுக்கு மேல் ஏறவில்லை. நான் டேங்குக்குப் பின்னால் போனேன். ஏரியில் இருக்கிற ஆண்கள் ஒவ்வொருவரும் அங்கிருந்து ஏலம் கேட்டார்கள். "முப்பது!" சேகர் அண்ணன். "முப்பத்தஞ்சு!" மாமா. ஏரியில் இருப்பவர் டேங்குக்குப் பின்னால் எப்படி வந்தார் என்று அந்த வேகத்தில் யாரும் கேட்கவில்லை. பணத்தை மனைவிமார் கட்டினார்கள். கரை திரும்பிய சேகர் அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அண்ணி சிரித்துக்கொண்டே சோறு போட்டதால், ஆமாம் நான்தான் கேட்டேன் என்று ஒப்புக்கொண்டார்.

பாய் சொன்ன கெடுவின் கடைசி நாள், மெம்பரேனுக்கு முப்பது ரூபாய் குறைந்தது. கடைசி கேன். எல்லார் குரலையும் பயன்படுத்தி முடித்திருந்தேன். மிச்சம் இருந்தது, அன்றைக்கு ஏரிக்குப் போயிருந்த என் அப்பா, எங்கள் நைனா குரல். அடித்தொண்டையில் "நாப்பது" என்றேன். யாரும் மேலே கேட்கவில்லை. மல்லிகா அக்கா மூன்று தரம் சொல்லி முடித்தாள்.

அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து நாற்பதை எண்ணிக் கொடுத்தாள். பிறகு நேராக டேங்குக்குப் பின்னால் வந்து நின்றாள். மோட்டார் கதை முதற்கொண்டு எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டேன். அடி விழும் என்று கண்ணை மூடினேன். அம்மா இடது கையால் கேனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "கேட்டப்பவே தெரியும்டி அது நீதான்னு. கல்யாணமான நாள்லேர்ந்து உங்க நைனா எனக்குன்னு ஒரு சொம்பு தண்ணிக்கு வாயத் தொறந்ததில்ல."

மிஷினைத் திறந்துவைக்க ஒரு கத்தரிக்கோல் போதும், ஓட்டிக்கொண்டே இருக்க ஊரில் உள்ள அத்தனை குரலும் வேண்டும், அவை அத்தனையும் இப்போதைக்கு என் ஒருத்தி தொண்டையில் இருப்பதால் மாதம் ஒரு பாட்டில் இருமல் மருந்தையும் பராமரிப்புச் செலவில் சேர்த்திருக்கிறோம்.