கற்பூரம் அணையும்வரை

மொரப்பூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். திருவிழாவில் சாமி ஊர்வலத்துக்கு முன்னால் டிஜே வண்டி போகும். டெக்னோதான் போடுவார்கள், நெஞ்சில் இடிக்கிற மாதிரி பீட். ஆடுகிற பையன்களுக்கு அது போதும். பெண்கள் நாங்கள் பூசைத் தட்டைத் திரும்ப வாங்கியதும் காதைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிடுவோம்.

வண்டியில் பாட்டுப் போட்டவன் என் அண்ணன். அவனுக்குப் பிடித்தது டிரான்ஸ். அதில் நடுவே பீட் நின்றுபோய், மெட்டு மட்டும் நீளமாக மிதக்கும். சாமி ஒவ்வொரு வாசலிலும் நிற்கும்போது அந்த மிதப்பை டெக்னோவுக்குள் நுழைத்தான். கற்பூரம் அணைந்த பிறகுதான் பீட்டைத் திரும்ப விடுவான். நாங்களும் வாசலிலேயே நின்று கேட்க ஆரம்பித்தோம்.

பிறகு பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டான். இப்போது எல்லா வண்டியிலும் அவன் பாணிதான். ஆனால் ஒருத்தனுக்கும் பொறுமை கிடையாது.

இந்த வருடமும் அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. சாமி எங்கள் வாசலில் நின்றபோது அவனை அழைத்து, போனை வண்டிப் பக்கம் நீட்டினேன். மெட்டு மிதந்தது. சட்டென்று பீட் விழுந்தது.

"அதுக்குள்ள கற்பூரம் அணைஞ்சிடுச்சா?" என்றான்.

பூசாரி கையிலிருந்த தட்டில் அது இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"அணைஞ்சிடுச்சுண்ணா" என்றேன்.