வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வெர்டெல் மோஸ்பி

எங்கள் சபையின் வெர்டெல் மோஸ்பி அம்மா முதல் தடவை கசுபாவின் துப்பாக்கிக் கடை முன்னால் ஜெபம் செய்யப் போனபோது, காற்று அவருடைய தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு போனது. மார்ச் மாதத்து ஏரிக் காற்று. ஈஸ்டருக்கென்று வாங்கிய ஊதா நிறத் தொப்பி கார்களுக்கு நடுவே உருண்டுபோய்க் கடையின் வாசற்படியில் நின்றது. நாங்கள் ஏழு பேர் கைகோத்து நின்றிருந்தோம். எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள், என்னைத் தவிர. சபையின் வேனை ஓட்டுகிறவன் நான். எப்போதும் ஒரு கண் வேன் மேல்தான்.

கடைக்காரர் லியோ கசுபா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். அறுபதை நெருங்கும் வயது, கனத்த உடம்பு, ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடந்தார். தொப்பியைக் குனிந்து எடுத்தார்.

"இது யாரோடது?"

"என்னோடது தம்பி," என்றார் வெர்டெல், கண்ணைத் திறக்காமலே. "ஜெபம் முடியட்டும், வந்து வாங்கிக்கிறேன்."

"என் கடை முன்னாடி என்ன ஜெபம்?"

"உனக்காகத்தான்."

"நான் ஒண்ணும் சாகக் கிடக்கல!"

"ரொம்ப சந்தோஷம். அதுக்கும் ஒரு ஸ்தோத்திரம் சொல்லிடுவோம்."

கசுபா தொப்பியைக் கைப்பிடிக் கம்பியில் மாட்டிவிட்டுக் கதவை அறைந்து சாத்தினார். அப்படித் தொடங்கியது, பதினான்கு மாதம் ஓடியது.

வெர்டெலுக்கு அப்போது எழுபத்தொரு வயது. ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் கேரி நகரத்திலேயே பிறந்தவர். எஃகு ஆலையில் முப்பத்தொரு வருஷம் கிரேன் ஓட்டியவர். ஆறு மாடி உயரத்தில் ஒரு கூண்டுக்குள் உட்கார்ந்து, கொதிக்கும் இரும்பை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குக் கொண்டுபோய் வைத்தவர். அந்த இரைச்சலில் கீழே நிற்கிற ஆளுக்குக் கேட்கும்படி கத்திக் கத்தி அவருக்கு ரகசியம் பேச வராமல் போய்விட்டது. சபையில் பக்கத்தில் இருப்பவரிடம் அவர் குசுகுசுத்தால் பாடகர் வரிசைவரை கேட்கும். புருஷன் போய்ப் பல வருஷமாகிவிட்டது. பெண்கள் இரண்டு பேரும் இண்டியானாபோலிஸில். செவ்வாய்க்கிழமைகளில் பந்து உருட்டி விளையாடப் போவார். தோற்றால் இரண்டு நாள் யாரிடமும் பேசமாட்டார்.

அவரைக் கசுபாவின் கடைக்குக் கொண்டுபோனது ஆல்டன் ரிவர்ஸின் தோள். ஆல்டன் எங்கள் சபையில் ஆர்கன் வாசிப்பவர். முந்தின இலையுதிர் காலத்தில் பெட்ரோல் பங்கில் நின்றிருந்தார். யாரோ இரண்டு பேருக்குள் சண்டை, யாரோ சுட்டான், குண்டு ஆல்டனின் இடது தோளில் ஏறியது. உயிர் பிழைத்தார். இடது கை மட்டும் மேலே எழும்பவில்லை.

வழக்கு நடந்தபோது எல்லாரும் கோர்ட்டுக்குப் போனோம். அங்கேதான் தெரிந்தது, அந்தத் துப்பாக்கி திருட்டுத் துப்பாக்கி இல்லை. கசுபாவின் கடையில் முறையாக வாங்கியது. சுட்டவன் பழைய தண்டனை உள்ளவன், சட்டப்படி அவனுக்கு யாரும் துப்பாக்கி விற்க முடியாது. அதனால் தன் காதலியைக் கூட்டிப்போனான். அவன் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்ததை விரல் நீட்டிக் காட்டியிருக்கிறான், அவள் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். நிலம் வாங்குவதில் நடக்கும் பினாமி வேலை மாதிரியேதான். சுட்டவனோடு சேர்ந்து அவளும் ஜெயிலுக்குப் போனாள். அவள் பெயர் லாடோரியா, இருபத்திரண்டு வயது, கைக்குழந்தைக்காரி.

அடுத்த புதன்கிழமை ஜெபக் கூட்டத்தில் வெர்டெல் எழுந்து நின்றார்.

"பாஸ்டர், குண்டடி பட்டவங்களுக்காக ஜெபிக்கிறோம். சுட்டவங்களுக்காகக்கூட ஜெபிக்கிறோம். விக்கிறவருக்காக எப்ப?"

பாஸ்டர் பெல்லமி மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "வீட்டிலிருந்தே ஜெபிக்கலாமே, சிஸ்டர்."

"அவர் கடை முன்னாடி நின்னா அவருக்கும் கேக்கும் இல்லையா?"

மூப்பர் பர்செல் குறுக்கே புகுந்தார். "சிஸ்டர் மோஸ்பி, அது துப்பாக்கிக் கடை. ஊசி நூல் கடை இல்ல. அவருக்குக் கோபம் வந்தா என்ன ஆகும்?"

"அப்போ நீங்க எனக்கு முன்னாடி நில்லுங்க, பிரதர். அகலமா இருக்கீங்க."

சபையே சிரித்தது. மூப்பர் பர்செலும் முதல் வெள்ளிக்கிழமையே வந்தார். முன்னாடி மட்டும் நிற்கவில்லை.

வெர்டெலிடம் ஒரு தாள் இருந்தது. அதில் மூன்று வேண்டுகோள். ஒவ்வொரு விற்பனையையும் கேமராவில் பதிவு செய்ய வேண்டும். ஒருவர் கை காட்ட இன்னொருவர் கையெழுத்துப் போட்டால் விற்கக் கூடாது. கடையில் விற்ற துப்பாக்கி குற்றத்தில் மாட்டினால், அதை வாங்கியவர் பெயரைக் குறித்துவைத்து அவருக்கு மறுபடி விற்கக் கூடாது. கடையை மூடு என்று கேட்கவில்லை. இரண்டாம் வெள்ளிக்கிழமை அதைக் கொண்டுபோய்க் கொடுத்தார். கசுபா படிக்காமலே திருப்பித் தந்தார்.

"சட்டம் என்ன சொல்லுதோ அதை நான் செய்றேன். போங்கம்மா."

"சட்டம் சொல்றதுக்கு மேல கொஞ்சம் செய்யத்தான் கேக்குறேன், தம்பி. அடுத்த வாரம் வர்றேன்."

வந்தார். எல்லா வெள்ளிக்கிழமையும் நாலு மணிக்கு வந்தார். ஜெபத்தில் கசுபாவின் பெயரைச் சொல்வார், அவருடைய முட்டியையும் விடமாட்டார்.

"ஆண்டவரே, லியோவோட வலது முட்டியைக் குணமாக்கும்!"

உள்ளேயிருந்து கசுபா கத்துவார்: "இடது முட்டி!"

"இடது முட்டி, ஆண்டவரே! லியோவே சொல்லிட்டார்!"

திட்டியவர்களும் உண்டு. ஒருவன் தன் பெரிய வண்டியின் எஞ்சினை உறும வைத்து எங்கள் பாட்டை மூழ்கடிக்கப் பார்த்தான். ஆலைக்குள்ளேயே கத்திப் பழகிய தொண்டையிடம் அது எடுபடவில்லை. கடைசியில் பெட்ரோல் வீணாகிறதே என்று அவனே நிறுத்திவிட்டான். மான் வேட்டைக்காரர் ஒருவர் தாளை வாங்கி நின்றபடியே படித்தார். "இதுல எனக்கு என்ன நஷ்டம்? ஒண்ணுமில்லையே," என்று சொல்லி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். கோடையில் பக்கத்து ஊர் மசூதியிலிருந்து நாலு பேர் சேர்ந்தார்கள். யூத ஆலயத்திலிருந்து ஒரு பெண் மதபோதகர், ரப்பி, வந்தார். அவருக்குப் பாட வராது, ஆனால் கைதட்டுவார். ஏழு பேர் முப்பது பேரானோம்.

குளிர்காலத்தில் நடைபாதை முழுக்கப் பனி உறைந்தது. கசுபா தன் படிக்கட்டுக்கு மட்டும் உப்புப் போட்டுவைப்பார். ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை நாங்கள் போனபோது, நாங்கள் நிற்கும் இடம்வரை உப்பு தூவியிருந்தது.

"நன்றி தம்பி!" என்று வெர்டெல் கூவினார்.

கதவு இரண்டு விரற்கடை திறந்தது. "யாராவது விழுந்து என் மேல கேஸ் போட்டுடுவீங்க. அதான்."

மே மாதத்தில் அந்த நாள் வந்தது. ஜெபம் நடந்துகொண்டிருந்தது. ஒரு சின்னச் சிவப்புக் கார் வந்து நின்றது. உள்ளே ஒரு பெண், இறங்கவில்லை. சாலைக்கு அந்தப் பக்கம் இன்னொரு காரில் ஒருவன் இவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெர்டெல் பாதி ஜெபத்தில் கையை உதறிக்கொண்டு போய்ச் சிவப்புக் காரின் கண்ணாடியைத் தட்டினார். ரகசியமாகத்தான் பேசினார். அதாவது முப்பது பேருக்கும் கேட்டது.

"துப்பாக்கி யாருக்கும்மா?"

"எனக்குத்தான்."

"என்ன துப்பாக்கின்னு சொல்லு."

அவள் கையிலிருந்த துண்டுச் சீட்டைப் பார்த்தாள்.

"இது யாரோட எழுத்து? அந்தப் பக்கம் உக்காந்திருக்கிறவரோடதா? ஏன், அவருக்குக் கால் இல்லையா, தானா நடந்து வர மாட்டாரா?"

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வேகத்திலேயே அழுகையும் வந்தது. வெர்டெல் கதவைத் திறந்து அவள் பக்கத்தில் குந்தினார்.

"உன் வயசுல லாடோரியான்னு ஒரு பொண்ணு. இப்படித்தான் ஒருத்தனுக்காகக் கையெழுத்துப் போட்டா. ஜெயில்ல இருந்து மாசாமாசம் எனக்குக் கடுதாசி போடுறா. அவ குழந்தை நடக்க ஆரம்பிச்சுட்டானாம். அவ பார்க்கல."

ஆல்டனும் அருகே போய் நின்றார். "அவ வாங்கின துப்பாக்கிதான் என்னைச் சுட்டது," என்றார்.

அந்தப் பெண், பெயர் தேஷா, ஸ்டியரிங்கைப் பார்த்தபடி கேட்டாள்: "அவன்கிட்ட நான் என்ன சொல்றது?"

"கடை மூடியிருக்குன்னு சொல்லு."

"திறந்திருக்கே!"

எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். கசுபா கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார், எவ்வளவு கேட்டது என்று தெரியாது. எங்களைப் பார்த்தார், அந்தப் பெண்ணைப் பார்த்தார், சாலைக்கு அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு கையை நீட்டிக் கதவில் தொங்கிய பலகையைத் திருப்பினார். 'மூடப்பட்டது.' வெள்ளிக்கிழமை நாலே கால் மணி. வாரத்திலேயே அவருக்கு நல்ல வியாபாரம் நடக்கும் நேரம்.

எதிர்ப்பக்கத்துக்காரன் ஹாரனை அழுத்தினான், ஏதோ கத்தினான். முப்பது பேர் ஒரே நேரத்தில் அவனைப் பார்த்துக் கையசைத்தோம். டயர் கிறீச்சிட அவன் போய்விட்டான். தேஷா தன் அம்மாவுக்குப் போன் செய்துவிட்டு, எங்கள் வேனுக்குப் பின்னாலேயே சபைக்கு வந்தாள். அன்று வெள்ளிக்கிழமை மீன் விருந்து. இரண்டு தட்டுச் சாப்பிட்டாள்.

ஆனால் அதற்கு முன்னால், நாங்கள் வேனில் ஏறப் போகும்போது கசுபா வெளியே வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"அந்தப் பொண்ணுக்கு நான் வித்திருப்பேன்," என்றார். "கையில சீட்டைப் பார்த்திருந்தாலும் பார்க்காத மாதிரி வித்திருப்பேன்."

"இன்னைக்கு விக்கலையே, தம்பி," என்றார் வெர்டெல்.

"அந்தத் தாள் இருக்கா?"

பதினான்கு மாதமாக வெர்டெலின் கைப்பையில் அது இருந்தது. காபிக் கறை பட்டு, மடிப்பில் கிழிந்திருந்தது. கசுபா துப்பாக்கிகள் அடுக்கிய கண்ணாடிப் பெட்டியின் மேல் அதை விரித்துவைத்து, மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டு, ஒவ்வொரு வரியாகப் படித்தார். 'குறித்துவைத்து' என்ற இடத்தில் நிறுத்தி, எதில் குறிப்பது, எப்படிக் குறிப்பது என்று கால் மணி நேரம் வாதாடினார். பிறகு கையெழுத்துப் போட்டார். வெர்டெல் அவரைக் கட்டிப்பிடித்தார். கசுபாவின் கைகள் இரண்டும் எங்கே போவதென்று தெரியாமல் காற்றில் நின்றன. அப்புறம் அவர் முதுகில் மெதுவாகத் தட்டிக்கொடுத்தன.

அடுத்த வெள்ளிக்கிழமை நன்றி சொல்லப் போனோம். எண்பது பேர். வேன் மூன்று நடை அடித்தது. ஆல்டன் சிறிய கீபோர்டைக் கொண்டுவந்திருந்தார். வலது கைதான் வாசித்தது, ஆனால் கடைசிப் பாட்டில் இடது கையைத் தூக்கிக் கட்டையின் மேல் வைத்து மூன்று சுரம் அழுத்தினார். பாடகர் வரிசையில் பாதிப் பேருக்குப் பாட முடியவில்லை, அழுதுகொண்டே ஆடினார்கள். கசுபாவின் மனைவி ஹெலனா ஒரு பெரிய தட்டில் உருளைக்கிழங்கு பூரணம் வைத்த பியரோகிக் கொழுக்கட்டை கொண்டுவந்தார். மூப்பர் பர்செல் பதினொன்று சாப்பிட்டார், நான் எண்ணினேன்.

"அப்போ அடுத்த வாரத்திலிருந்து வர மாட்டீங்களா?" என்று கசுபா கேட்டார். குரலில் நிம்மதியா வருத்தமா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"வேற கடை இருக்கு, தம்பி."

ஊரில் துப்பாக்கிச் சத்தம் நின்றுவிட்டது என்று நான் பொய் சொல்லமாட்டேன். இன்னும் கேட்கிறது. ஆனால் கசுபா அந்த வருஷத்தில் பத்தொன்பது பேரைத் திருப்பி அனுப்பினார். ஒவ்வொரு தடவையும் வெர்டெலுக்குப் போன் செய்து சொல்வார், பரீட்சையில் தேறிய பையன் மாதிரி. வேட்டைக்காரர்கள் எப்போதும்போல வந்தார்கள், கடை நன்றாகவே நடந்தது.

கசுபா கையெழுத்துப் போட்ட அடுத்த மாதமே, ஜூனில் ஒரு வெள்ளிக்கிழமை நாங்கள் எட்டு மைல் தள்ளியிருந்த இன்னொரு கடை முன்னால் போய் நின்றோம். அந்தக் கடைக்காரர் எங்களைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு உடனே கசுபாவுக்குப் போன் போட்டிருக்கிறார். இதைப் பிறகு கசுபாவே எங்களிடம் வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டு சொன்னார்.

"ஊதாத் தொப்பி போட்ட அம்மா ஒருத்தங்க வந்து என் பேரைச் சொல்லி ஜெபம் பண்றாங்க, லியோ. என்ன செய்யறது?"

"கையெழுத்துப் போட்டுடு," என்றாராம் கசுபா. "ஒரு வருஷம் மிச்சம்."