லம்துவான் கொடுத்த தட்டு

கஞ்சனடிட் என்ற கடலோர ஊரின் கடைத்தெருவில் லம்துவான் பதினெட்டு வருடங்களாக மட்டி விற்கிறாள். கொதிக்கும் தண்ணீரில் கூடையை முக்கி, பத்து எண்ணுவதற்குள் தூக்கிவிடுவாள். ஓட்டைப் பிளந்தால் உள்ளே ரத்தம் சிவப்பாக நிற்க வேண்டும். வெந்து சுருங்கிய மட்டியைத் தின்பவனை அந்த ஊரில் ஆளாகவே மதிக்க மாட்டார்கள்.

வளைகுடாவில் மட்டி வளர்க்கும் தாவோன் அவளுக்குத் தம்பி முறை. சொங்க்ரான் புத்தாண்டு விடுமுறைக் கூட்டத்தில் அவள் காதருகே வந்து, "அக்கா, எனக்கு மட்டும் நல்லா வேகவிடு. கல்லீரல் கெட்டுப்போச்சு. பச்சையாத் தொடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்" என்றான்.

அவளுக்குச் சுருக்கென்றது, அவள் கைப்பக்குவத்தைக் குறை சொன்னதுபோல.

"கேட்டீங்களா! மட்டி வளக்கிறவரே மட்டிக்குப் பயப்படுறாராம். ரப்பர் திங்கணும்னா செருப்புக் கடைக்குப் போ தம்பி!"

"அண்ணனுக்குக் கஞ்சி காச்சிக் குடு அக்கா!" என்று யாரோ கத்த, எல்லோரும் சிரித்தார்கள். தாவோனும் சிரித்தான். காது மடல் மட்டும் சிவந்திருந்தது. அவள் நீட்டிய தட்டிலிருந்த அரைவேக்காட்டு மட்டியை மிளகாய்ச் சாற்றில் தோய்த்துத் தோய்த்துத் தின்று தீர்த்தான்.

மறுநாள் காய்ச்சல். அதற்கடுத்த நாள் இடது காலில் கருநீலக் கொப்புளங்கள். பெரிய ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

சேற்றில் ஓடு கீறி, கடல் தண்ணீரிலிருந்து கிருமி ஏறிவிட்டது என்று ஊர் பேசியது. கோடையில் அப்படி நடப்பதுண்டு. "ஆமா, தண்ணி ரொம்பச் சூடாக் கிடக்கு" என்று லம்துவானும் கூடச் சேர்ந்து சொன்னாள்.

பத்தாம் நாள் பார்க்கப் போனாள். படுக்கையருகே நர்ஸ் விசாரித்து எழுதிக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கிருமி காயம் வழியாவும் போகும், வேகாத மட்டி வழியாவும் போகும். பச்சையா ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?"

"இல்லைங்க. கால்ல கீறல் இருந்துச்சு. கடல் தண்ணிதான்" என்றான் தாவோன், சுவரைப் பார்த்தபடி. லம்துவானைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னானா, கேலிக்குப் பயந்து தின்றதை மறைப்பதற்காகச் சொன்னானா, தெரியவில்லை.

"பூட்ஸ் போடுன்னு தலையால அடிச்சுக்கிட்டேன்" என்று அவன் மனைவி ராட்ரீ விசும்பினாள். "என் பேச்சக் கேட்டிருந்தா கால் இருந்திருக்கும்."

லம்துவான் கதவுவரை போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

"கீறலால இல்லைங்க. நான் குடுத்த மட்டி. வேகவைக்கத்தான் சொன்னான். நாலு பேர் முன்னாடி கேலி பண்ணித் திங்க வச்சேன்."

நர்ஸின் பேனா நின்றது. "இப்பவும் அப்படித்தான் விக்கிறீங்களா?"

"காலையிலகூட வித்தேன்."

ராட்ரீ கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளை ஏறிட்டாள். தாவோனின் போர்வையை இழுத்து, இல்லாத காலின் பக்கத்தை மூடினாள்.

"நீ போ அக்கா" என்றாள். "போய்க் கடை அடுப்பை அணை."