இறங்குகிற வண்டி நிற்க வேண்டும்

வெயிலில் காய்ந்த தகர சீட்டில் உட்கார்ந்ததும் தொடை சுரீரென்று சுடும். அம்மா கூடைப்பையிலிருந்து ஈரத் துண்டை எடுத்து மடித்து எனக்கு அடியில் திணிப்பாள். அது காய்ந்து அதுவும் சுடத் தொடங்குவதற்குள் வண்டி கிளம்பிவிட்டால் பிழைத்தேன். பெயிண்ட் வாசமும் பழைய டயர் ரப்பர் வாசமும் கலந்து மூக்கில் ஏறும். கையில் ஸ்டீயரிங், காலுக்கடியில் பிரேக், பக்கத்தில் ரப்பர் பந்து வைத்த ஹாரன். எட்டு வயதில் எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

கொண்டப்பநாயக்கன்பட்டியில், ஏற்காட்டு மலைப்பாதை தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால், ஒரு சிறிய பொழுதுபோக்குப் பூங்கா இருக்கிறது. ராட்டினம், சறுக்கு மரம், தண்ணீர்க் குளம் எல்லாம் எந்த ஊர்ப் பூங்காவிலும் இருப்பவைதான். ஆனால் உள்ளே நுழைந்ததும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் ஓடுவது "லாரி ரைடு" இருக்கும் இடத்துக்கு. மண்ணைக் கொட்டி ஒரு மேடு கட்டி, அதில் கொண்டை ஊசி வளைவுகள் போட்டு, தண்டவாளம் பதித்து, அதன்மேல் குட்டி லாரிகளை ஓடவிட்டிருந்தார்கள். நாமக்கல்லில் நிஜ லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையிலேயே அவற்றுக்கும் பாடி கட்டியதாகச் சொல்வார்கள். பார்த்தாலே தெரியும்; நெற்றியில் மயில் படம், கதவில் தாமரைப்பூ, பின்னால் "ஹாரன் அடிக்கவும்", கீழே திருஷ்டிக்குக் கறுப்புக் கயிறும் ஒற்றைச் செருப்பும். ஆயுத பூஜைக்கு அந்தக் குட்டி லாரிகளுக்கும் சந்தனம் பூசி, வாழைக்கன்று கட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவார்கள்.

ஸ்டீயரிங் வெறும் டம்மி, எப்படித் திருப்பினாலும் வண்டி தண்டவாளம் போன வழிதான் போகும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் பிரேக் நிஜம். மேட்டின் நடு வளைவில் ஒரே ஒரு தண்டவாளம்தான் இருந்தது. ஒரு லாரி இந்தப் பக்கத்திலிருந்து ஏறும், இன்னொன்று அந்தப் பக்கத்திலிருந்து இறங்கும். இறங்குகிற லாரி வளைவுக்கு மேலே ஒதுங்குகிற இடத்தில் பிரேக்கை மிதித்து நின்று, ஏறுகிற லாரி போனபிறகுதான் காலை எடுக்க வேண்டும். நிற்காமல் வந்தால் இரண்டு பம்பரும் "டொப்"பென்று முட்டிக்கொள்ளும். டயர்த் துண்டு கட்டியிருந்ததால் யாருக்கும் அடிபடாது. ஆனால் கரண்ட் நின்றுவிடும், ரைடுக்காரர் முனகிக்கொண்டே மேடேறி வந்து இறங்கின வண்டியைப் பின்னால் தள்ளிவிட வேண்டும்.

மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழி என்பது எங்கள் ஊர்களில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். வீட்டுக்கு வீடு டிரைவர், இல்லாவிட்டால் கிளீனர், இல்லாவிட்டால் பட்டறை. ஆகவே வரிசையில் நிற்கிற பெரியவர்கள் சும்மா நிற்க மாட்டார்கள். மேலேயிருந்து ஒரு பிள்ளை இறங்குவது தெரிந்ததுமே மொத்த வரிசையும் கத்தும்: "ஏறற வண்டிக்கு வழி உடு சாமி! பிரேக்க மிதி, பிரேக்க மிதி!" வெளியூரிலிருந்து ஏற்காடு பார்க்க வந்து, போகிற போக்கில் பூங்காவுக்குள் நுழைந்தவர்கள், தங்கள் பிள்ளையை இத்தனை பேர் ஏன் திட்டுகிறார்கள் என்று மிரண்டு போவார்கள். ஒருமுறை பேண்ட் சட்டை போட்ட ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். என் அப்பாதான் அவர் தோளில் கைபோட்டு, "கோவிச்சுக்காதீங்க. எறங்கறவனுக்கு என்னங்க அவசரம்? அவன் தானா கீழ வந்துருவான்" என்று சமாதானப்படுத்தினார்.

அப்பா லாரி டிரைவர். நாங்கள் புதுச்சத்திரத்தில் இருந்தோம். வீட்டு வாசலில் நின்றால் நெடுஞ்சாலையில் போகிற லாரிகளின் இரைச்சல் கேட்கும். அவர் "லைனுக்கு"ப் போனால் எப்போது வருவார் என்று சொல்ல முடியாது. வந்த மறுநாளே எங்களைப் பூங்காவுக்கு அழைத்துப் போவார். இத்தனைக்கும் அப்பா ஓட்டிய லாரியில் நானோ அம்மாவோ ஒருநாளும் ஏறியதில்லை. "பொம்பளையாளுக கேபின்ல ஏறப்படாது" என்பது முதலாளி வைத்த சட்டமா, டிரைவர்களாக வைத்துக்கொண்ட பழக்கமா, எனக்கு இன்றுவரை தெரியாது. வாசலில் லாரி வந்து நிற்கும், அம்மா சோற்றுப் போசியைக் கேபினுக்குக் கீழே நின்று அண்ணாந்து நீட்டுவாள், அவ்வளவுதான்.

குட்டி லாரியில் அந்தச் சட்டம் செல்லாது. "ஏனுங்க, நீங்க இங்கயே நில்லுங்க, நானும் பாப்பாவும் போயிட்டு வாரோம்" என்று அம்மா சொல்கிற தோரணையே தனியாக இருக்கும். நான் டிரைவர், அம்மா கிளீனர். வளைவு வந்தால் அவள்தான் ஹாரனை அமுக்குவாள், தேவைக்கு மேலேயே அமுக்குவாள். வீட்டில் சத்தமாகச் சிரிக்காத அம்மா அந்த மேட்டில் வாய்விட்டுச் சிரிப்பாள். அப்பா கம்பிக்கு வெளியே நின்று, எங்கள் லாரி சுற்றி வருவதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்த மேட்டில்தான் செந்தில் என் லாரியில் முட்டினான். அவனும் புதுச்சத்திரம்தான், அவன் அப்பாவும் டிரைவர்தான், என்னைவிட ஒரு வகுப்புக் கீழே. நாங்கள் ஏறிக்கொண்டிருக்கிறோம், அவன் மேலேயிருந்து வருகிறான், வரிசை தொண்டை கிழியக் கத்துகிறது, அவனோ மயில் மாதிரி தலையைச் சிலுப்பிக்கொண்டு நேரே வந்து டொப்பென்று முட்டினான். "ஏண்டா நிக்கல?" என்று இறங்கினதும் சட்டையைப் பிடித்தேன். "பிரேக்கு எட்டலைக்கா" என்றான். வரிசை முழுக்கச் சிரித்தது. அவன் அப்பாவே அவன் காதைத் திருகி, மறுபடி டிக்கெட் வாங்கி ஏற்றிவிட்டு, சீட்டின் நுனியில் உட்காரச் சொன்னார். அந்த முறை நின்றான். எனக்குக் கையும் காட்டினான்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு விலாவாரியாகச் சொல்கிறேன் என்றால், போன வருடம் அந்தப் பூங்காவுக்காரர்கள் லாரி ரைடை எடுத்துவிட்டு, ஒரு வெளிநாட்டுக் கார்ட்டூனின் பறக்கும் கார் ரைடைக் கொண்டுவரப் போவதாக அறிவித்தார்கள். அந்தக் கார்ட்டூன்காரனின் பெயரை எழுதி அவனுக்கு ஓசி விளம்பரம் தர எனக்கு மனமில்லை. பென்சில் பெட்டி, தண்ணீர்ப் பாட்டில், டிபன் பாக்ஸ் என்று எல்லாவற்றிலும் பல்லைக் காட்டுகிறவன்தான். எங்கள் ஊர்ப் பக்கத்துப் பழைய பிள்ளைகள் சேர்ந்து நடத்தும் வாட்ஸ்அப் குழு ஒன்று இருக்கிறது. பூங்காவின் பழைய படங்களைப் போட்டுப் பெருமூச்சு விடுவதுதான் அதுவரை அதன் வேலை. அறிவிப்பு வந்ததும் அது சந்தைக்கடை ஆகிவிட்டது.

"காலத்துக்குத் தகுந்த மாதிரி மாறணுமுங்க" என்றது ஒரு கூட்டம். "ராட்டினத்த எடுத்தாக்கூடப் பரவால்ல, லாரிய உடமாட்டோம்" என்றது இன்னொரு கூட்டம். லாரியை எடுக்கக் கூடாது என்று நான் எழுதியதைப் படித்துவிட்டு, "அக்காவுக்குச் சின்ன வயசு ஞாபகம் வந்துருச்சு, அழட்டும் உடுங்க" என்று ஒருவர் சிரிக்கிற பொம்மையோடு போட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "எனக்கு என் வயசு திரும்ப வேண்டாங்க, அத நீங்களே வெச்சுக்கங்க. எனக்கு அந்த ரைடுதான் வேணும், அதுவும் எனக்கில்ல, எம்புள்ளைக்கு" என்று திருப்பிப் போட்டேன். பழையது என்பதற்காக எதையும் கட்டிக்கொண்டு அழுகிற ஆள் நானில்லை. அதே பூங்காவில் துருப்பிடித்த பழைய சறுக்கு மரத்தை எடுத்தபோது முதலில் கைதட்டியவளே நான்தான்.

சத்தம் பெரிதானதால், பூங்காவுக்காரர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களைக் கேண்டீன் கூடத்துக்குக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்டார்கள். நான் இப்போது சூரமங்கலத்தில் குடியிருக்கிறேன். அம்மாவும் என்னோடுதான் இருக்கிறாள். "நானும் வாரேன்" என்று சேலை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அங்கே முதல் ஆளாக எழுந்து பேசியது செந்தில். அழிச்சாட்டியம் பண்ணுவான் என்று நினைத்தேன். அவன் நிதானமாகத்தான் பேசினான்.

"எங்கப்பா லாரி ஓட்டி ஓட்டியே இடுப்புப் போயி படுத்துட்டாருங்க. நானு படிச்சு இப்பத்தான் ஒரு கம்பெனில ஒக்காந்து வேல பாக்கறேன். எம்பையனக் கூட்டியாந்து, இந்தா உங்க தாத்தன ஒடிச்ச லாரி, இதுல வெளையாடுன்னு காட்டச் சொல்றீங்களா? அவன் பறக்கற கார்லயே போகட்டுமுங்க."

கூடம் கைதட்டியது. அவன் அப்பா படுத்த படுக்கையாகக் கிடப்பதை நான் போய்ப் பார்த்திருக்கிறேன். அதற்காக விட்டுவிட முடியுமா? எழுந்தேன்.

"செந்திலு, உங்கப்பன ஒடிச்சது லாரியா, இல்ல தூங்க உடாம ஓட்டச் சொன்னவனா? லாரி மேல ஏன் கோவப்படற? பறக்கற காருக்கு எதுக்கால யாரும் வரமாட்டாங்க. நம்ம ரைடுல எதுக்கால ஒரு புள்ள வரும். அது மூஞ்சியப் பாத்து நாம நிக்கோணும். லோடோட ஏறற வண்டிய நிறுத்திட்டா மறுபடி கிளப்பறது செரமம்னுதான எறங்கறவன் நிக்கறான்? நீ இப்பத்தான் மேல ஏறி வாரேங்கற. அப்ப உனக்கு வழி உட நாலு பேரு வேணும்; அதச் சொல்லித் தர்ற ரைடு உனக்குத்தான் மொதல்ல வேணும்."

பூங்காவின் மேனேஜர், மரியாதை தெரிந்த இளைஞர், நடுவில் வந்து ஒரு யோசனை சொன்னார். மேட்டை இடிக்க மாட்டார்களாம், லாரிகளும் இருக்குமாம். முன்னால் கார்ட்டூன்காரன் முகத்தை மாட்டிவிட்டு, பிரேக்கை எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே ஓட்டுகிற மாதிரி செய்துவிடுவார்களாம். யாரும் யாருக்காகவும் நிற்க வேண்டியதில்லை, வரிசையும் சீக்கிரம் நகரும். இரண்டு கூட்டத்துக்கும் நிம்மதி. சரிதானே என்று எல்லோரும் எல்லோரையும் பார்த்துத் தலையாட்டினார்கள்.

"அதுக்கு முழுசா இடிச்சுருங்க" என்றேன்.

கூடம் திகைத்துவிட்டது. காப்பாற்றச் சொன்னதே நீங்கள்தானே என்று எங்கள் கட்சிக்காரர்களே என்மேல் பாய்ந்தார்கள். பாய்ந்தால் பாயட்டும். பிரேக் இல்லாத அந்த லாரியைக் காப்பாற்றி என்ன செய்ய? தோலை உரித்து இன்னொருவனுக்குப் போர்த்திவிட்டு, பாருங்கள் உங்கள் லாரி பத்திரமாக இருக்கிறது என்று எங்களிடமே காட்டுவார்கள், நாங்களும் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்வோம். அதற்கு நான் உடன்பட மாட்டேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். மேனேஜருடைய யோசனைக்குச் சம்மதிக்கிறவர்கள் கை தூக்கச் சொன்னபோது கூடமே தூக்கியது. சம்மதிக்காதவர்கள் என்றபோது நான் தூக்கினேன். பக்கத்தில் இன்னொரு கை எழுந்தது. அம்மா.

"நீங்க சொல்லுங்கம்மா" என்றார் மேனேஜர்.

அம்மா எழுந்திருக்கவில்லை, உட்கார்ந்தபடியே சொன்னாள்: "எங்க ஊட்டுக்காரரு முப்பது வருசம் லாரி ஓட்டுனாருங்க. நான் ஏறுன லாரி இது ஒண்ணுதானுங்க."

மேனேஜர் அதைத் தன் நோட்டில் குறித்துக்கொண்டார். ஆனால் குறித்துக்கொண்டதாலேயே ஒரு முடிவு மாறிவிடுமா என்ன? கடைசியில் அந்த யோசனையும் நடக்கவில்லை. பழைய தண்டவாளம் புது இயந்திரத்துக்கு ஒத்துவராது என்று சொல்லி மேட்டையே சமன் செய்துவிட்டார்கள். ஒரு லாரியை மட்டும் வாசலில் மேடைகட்டி நிறுத்தி, "ஒத்துழைத்த ரசிகர்களுக்கு நன்றி" என்று பலகை வைத்து, கூட்டத்துக்கு வந்தவர்களின் பெயர்களை எழுதினார்கள். என் பெயருக்கு இனிஷியல் கேட்டு மேனேஜர் போன் செய்தார். எழுத வேண்டாம் என்றேன், அம்மாவின் பெயரையும் எழுத வேண்டாம் என்றேன். மரியாதைக்குத்தானே மேடம் என்றார். மரியாதைக்குத்தான் வேண்டாம் என்கிறேன் என்றேன்.

போன மாதம் என் மகள் கேட்டாள் என்று அழைத்துப் போனேன். மேடு இருந்த இடத்தில் ஜன்னல் இல்லாத குளிர்சாதனக் கூடம். உள்ளே பிள்ளைகளை சீட்டோடு சேர்த்துக் கட்டி, எதிரே பெரிய திரையில் காரைப் பறக்கவிடுகிறார்கள். பெற்றவர்கள் வெளியே நிற்க வேண்டும், வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது, கத்தினாலும் உள்ளே கேட்காது. வரிசையில் நின்றவர்கள் ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகள் முகமெல்லாம் சிரிப்பாக ஓடி வந்தாள்.

"அம்மா, எதுக்கால வர்ற காரெல்லாம் இடிச்சுத் தள்ளுனா பாயிண்ட்டும்மா! நாந்தான் ஃபர்ஸ்ட்டு!"

"நல்லா இருந்துச்சா சாமி?"

"சூப்பரா இருந்துச்சும்மா. இன்னொருக்கா போலாமா?"

போகச் சொன்னேன். பொய் எதற்கு, அவள் சந்தோஷம் எனக்கும் சந்தோஷம்தான். திரும்பி வரும்போது வாசலில் நிற்கிற லாரியில் ஏறி உட்கார்ந்து பார்த்தாள்; ஸ்டீயரிங்கைப் பற்றவைத்து அசையாமல் செய்திருக்கிறார்கள், பிரேக் இருந்த இடத்தில் ஓட்டையைத் தகரம் வைத்து அடைத்திருக்கிறார்கள். அப்புறம் பலகையை ஒவ்வொரு எழுத்தாகப் படித்து, செந்தில் மாமா பெயரைக் கண்டுபிடித்துக் குதித்தாள்.

"உம்பேரு எங்கம்மா?"

"நான் சரின்னு சொல்லல சாமி. அதான் இல்ல."

"ஏம்மா? நல்லாத்தான இருக்குது?"

நன்றாகத்தான் இருக்கிறது. அது நன்றாக இருப்பதால் நான் சொன்னது தப்பாகிவிடாது. எதிரே வருகிற பிள்ளைக்காக இன்னொரு பிள்ளை காலை ஊன்றி நின்ற இடம் ஒன்று இங்கே இருந்தது, இப்போது இல்லை. இடித்தால் பாயிண்ட் தருகிற இடம் இருக்கிறது. செந்தில் குழுவில் என்னைச் சீண்டி, "இப்பவாவது ஒத்துக்கிறீங்களாக்கா?" என்று இன்று காலையிலும் கேட்டிருக்கிறான். இல்லை என்று எழுதிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.