அமைச்சரின் பகடை

செஞ்சியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் தோழிதான் அந்த விளையாட்டை எங்களுக்குப் பழக்கியவள். ஞாயிறு மதியம் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மூன்று பேர் உட்காருவோம். அவள் கதையை நடத்துவாள். நானும் என் பள்ளி நண்பனும் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவோம். முடியுமா முடியாதா என்ற சந்தேகம் வந்தால் இருபது முகப் பகடை தீர்ப்புச் சொல்லும்.

நான் கணக்கு வாத்தியார். என் பாத்திரமோ இரண்டுக்கு மேல் எண்ணத் தெரியாத கோட்டைக் காவலன். நண்பன் பத்தாவதோடு படிப்பை நிறுத்தி மெக்கானிக் ஆனவன். அவன் எடுத்துக்கொண்டது நாட்டிலேயே பெரிய புத்திசாலியான அமைச்சரை.

அன்று கதையில் கோட்டை வாசலுக்கு ஒரு படை வந்து நின்றது. "கடற்கரையிலிருந்து உதவிக்கு வந்திருக்கிறோம். நேற்றுக் காலை புறப்பட்டோம், கதவைத் திறங்கள்" என்றான் அதன் தூதன். கடற்கரை நான்கு நாள் வழி என்று தோழி முன்பே சொல்லியிருந்தாள். நண்பன் தாடையைத் தடவியபடி யோசித்துக்கொண்டிருந்தான். மேல்மலையனூர் அமாவாசை பஸ்கள் ரோட்டில் ஹாரன் அடித்துக்கொண்டே போயின. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"பொய் சொல்றான்டா! நாலு நாள் வழி, ஒரே நாள்ல எப்படி வருவான்?"

அவன் நிமிர்ந்தான். "உன் ஆளுக்கு எண்ணவே தெரியாது. இது நீ பேசுற பேச்சா, அவன் பேசுறதா?"

"நீ கண்டுபிடிக்க மாட்டேன்னுதான் சொன்னேன்."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. தோழி என்னைப் பார்க்காமல் தாள்களை அடுக்கினாள்.

"போன வாரம் ஆட்டத்துல ஒரே உதையில இரும்புக் கதவ உடைச்சியே," என்றான் அவன் மெதுவாக. "உன் ஸ்கூட்டர சென்டர் ஸ்டாண்டு போடவே என்னத்தான் கூப்புடுற. உன் பலத்துக்குப் பகடை போடலாம், என் புத்திக்குப் போடக் கூடாதா? இன்னா நியாயம் இது?"

பகடையை அவன் பக்கம் நகர்த்தினேன்.

"போடு," என்றாள் தோழி. "பத்துக்கு மேல விழுந்தா அமைச்சர் பொய்யைக் கண்டுபிடிச்சிடுவார்."

பகடை உருண்டு நின்றது. மூன்று.

அமைச்சர் ஏமாந்துவிட்டார். ஆனால் அவருக்காகப் பேசுகிறவனுக்கு உண்மை தெரியும். நான்தான் சொல்லித் தொலைத்தேனே. அவன் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்துக்கொள்வான் என்று நினைத்தேன். கதவு திறந்தால் முதலில் சாகப்போவது எட்டு மாதமாக நான் வளர்த்த காவலனாயிற்றே, அவன் சாக்குச் சொன்னால் நல்லதென்றும் நினைத்தேன்.

"காவலா," என்றான் என் கண்ணைப் பார்த்து, "கதவத் திற."

அமைச்சர் சொல்லி என் காவலன் ஒருநாளும் மறுத்ததில்லை.

"ஆகட்டும் ஐயா. தாழ்ப்பாளத் தூக்குறேன்."

உள்ளே புகுந்த எதிரிகளுக்காகத் தோழி மூன்று முறை பகடை போட்டாள். மூன்றாவதில் காவலன் செத்து விழுந்தான்.

படியிறங்கும்போது அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "அத்த விடு," என்றான், முகம் பார்க்காமல். அடுத்த இரண்டு ஞாயிறும் அவன் வரவில்லை. போன் செய்தால் வண்டி வேலை இருக்குது என்றான்.

மூன்றாவது ஞாயிறு கைக் கிரீஸைத் துடைத்தபடி வந்து உட்கார்ந்தான்.

"அமைச்சர ஜெயில்ல போட்டாங்களா, இன்னா?" என்று தோழியிடம் கேட்டான். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ இப்ப யாருடா?" என்றான்.